தொடக்கூடாத பொம்மைகள்

சென்ற நவராத்திரியின்போது அல்சூரில் ஓர் அன்பர் வீட்டுக் கொலுவுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். ஒன்பது படி. மேல்படியில் கலசத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி மரப்பாச்சி. பட்டுத்துணி உடுத்தி, முத்துமாலை போட்டு, கல்யாணக் கோலத்தில் நின்றன. வீட்டுக்கார அம்மாளின் மாமியாருக்கு அவருடைய கல்யாணத்தில் கொடுத்ததாம். எழுபது வருடத்துக்கு முந்தியது என்றார்கள்.

அந்த வீட்டுப் பேத்திக்கு ஐந்து வயது இருக்கும். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, அந்தப் பெண் மரப்பாச்சியை எடுக்கக் கை நீட்டினாள். உடனே நாலு பக்கமிருந்தும் குரல் எழுந்தது. பாட்டி "தொடாதே" என்றார். சமையலறையிலிருந்து வேலைக்கார அம்மாள் "முட்டபேடா" என்றார். அப்பாக்காரர் "டோன்ட் டச்" என்றார். பெங்களூர்த் தமிழ்க் குடும்பத்தில் ஒரு குழந்தையை மூன்று மொழியில் அதட்ட முடியும்! குழந்தை முக்காலியிலிருந்து இறங்கி, மூலையில் கிடந்த பிளாஸ்டிக் டெலிபோனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தது. அதை யாரும் தடுக்கவில்லை. உடைந்தால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம் அல்லவா?

அன்று சுண்டல் வாங்கிக்கொண்டு வீடு திரும்பியது முதல் இந்த விஷயம் மனதில் கிடந்து உறுத்துகிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

மரப்பாச்சி, கொலுவில் நிற்பதற்கு மட்டும் பிறந்த பொம்மை அல்ல. மணப்பெண் தானே குழந்தையாக இருந்த காலத்தில், புகுந்த வீட்டில் விளையாட ஒரு துணை வேண்டுமே என்று கூட அனுப்பியது. அதைக் குளிப்பாட்டினார்கள், சேலை கட்டினார்கள், சொப்பில் சமைத்துச் சோறு ஊட்டினார்கள், சண்டை வந்தால் வீசி எறிந்தார்கள். மூக்கு மழுங்கும், கை ஒடியும். அடுத்த தடவை திருப்பதி போகும்போதோ ஊர்த் திருவிழாக் கடையிலோ இன்னொரு ஜோடி வாங்கி வருவார்கள். நடைவண்டியும் அப்படித்தான், பம்பரமும் அப்படித்தான். குழந்தைகள் உடைத்துக்கொண்டே இருந்ததால் பொம்மைத் தச்சருக்கு வேலை இருந்துகொண்டே இருந்தது. எழுபது வருடம் கீறல் விழாமல் இருக்கும் மரப்பாச்சியைக் கண்டு நாம் பெருமைப்படுகிறோம். அதைச் செய்த கைக்கு அந்த வீட்டிலிருந்து எழுபது வருடமாக ஒரு பொம்மைக்குக்கூடக் கேட்பு வரவில்லை என்பதும் அதே கணக்குத்தானே?

மரக் கைவினைகள் அழிகின்றன என்று நம் சங்க மேடையிலேயே எத்தனையோ பேர் உருக்கமாகப் பேசக் கேட்டிருக்கிறேன். அழிப்பது பிளாஸ்டிக், அழிப்பது இயந்திரம், அழிப்பது சீனா என்பார்கள். இவை எல்லாவற்றிலும் உண்மை உண்டு. ஆனால் நம் பங்கு என்ன என்று யாரும் சொல்வதில்லை.

பெங்களூரிலிருந்து மைசூர் போகும் வழியில், அறுபது கிலோமீட்டரில் சென்னபட்டணம் இருக்கிறது. இங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் அந்த ஊர்ப் பொம்மை நுழையாத வீடு இருக்காது. நம்மில் பலருக்குக் கிலுகிலுப்பை, மரக்குதிரை, வளையம் அடுக்கும் கோபுரம் எல்லாம் அந்த ஊர்தான். திப்பு சுல்தான் பாரசீகத்திலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தார் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லும் கதை. பிற்காலத்தில் பாவாஸ் மியான் என்பவர் ஜப்பானியப் பொம்மை வேலையின் நுட்பங்களைக் கற்று ஊராருக்குச் சொல்லிக்கொடுத்தார் என்று இன்றும் அவர் பெயரைச் சொல்கிறார்கள்.

கொலு முடிந்த மறுவாரம் நண்பர் ஒருவரின் காரில் அங்கே போனேன். வெகுகாலம் கழித்துப் போகிறேன். பழைய நினைவில், சாலையின் இரு பக்கமும் பொம்மைக் கடைகள் வரிசையாக வரும் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். வரவில்லை. 2023 மார்ச்சில் திறந்த விரைவுச் சாலை, ராமநகரத்தையும் சென்னபட்டணத்தையும் ஒதுக்கிவிட்டுப் புறவழியாகப் போகிறது. நண்பர் கவனிக்காமல் நேராக விட்டிருந்தால் ஊர் போனதே தெரியாமல் போயிருக்கும். திரும்பிப் பழைய சாலைக்கு வந்தோம். கடைகள் இருந்தன. வாசலில் மரக்குதிரைகளும் இருந்தன. நிற்கும் கார்கள்தாம் இல்லை. மைசூருக்கும் ஊட்டிக்கும் போகிறவர்கள் மூத்திரத்துக்கும் காபிக்கும் இறங்கும் இடத்தில், குழந்தை அழுதால் ஒரு பொம்மை வாங்குவார்கள். அந்த வியாபாரம் சாலையோடு போய்விட்டது என்று கடைக்காரர் சொன்னார். நமக்கு ஒன்றரை மணி நேரத்தில் மைசூர். அவருக்கு மத்தியானம் வரை போணி இல்லை.

கடையைத் தாண்டிப் பின் சந்தில் ஒரு கடைசல் பட்டறை. அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு முஸ்லிம் பெரியவரும், முப்பது வயதில் ஒரு பெண்ணும் ஆளுக்கொரு கடைசல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். அரை மணி நேரம் நின்று பார்த்தேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

மரம் பாலை. நம் பக்கத்தில் வெப்பாலை என்போம், அங்கே ஆலெ மரம் என்கிறார்கள். தந்தம் போல வெளுத்த, மெத்தென்ற மரம். வெட்டி வந்ததும் பட்டை உரித்து, இரண்டு மூன்று மாதம் காய வைக்கிறார்கள். பச்சை மரத்தில் கடைந்தால் பிறகு வெடித்துவிடும். காய்ந்த கட்டையைக் கடைசலில் மாட்டிச் சுழலவிட்டு, உளியை வைத்தால் சுருள் சுருளாகச் சீவல் பறக்கிறது. இரண்டு நிமிடத்தில் ஒரு தலை, ஒரு கழுத்து, ஒரு வயிறு. அளவுகோல் எதுவும் பார்க்கவில்லை; கண்தான் அளவு. பிறகுதான் அதிசயம். நிறம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின்மேல் அழுத்துகிறார்கள். உராயும் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் ஏறுகிறது. தூரிகை கிடையாது, சாயப் பானை கிடையாது. கடைசியாகத் தாழை ஓலையை மடித்து அழுத்திப் பிடித்தால் அரக்கு சீராகப் பரவிக் கண்ணாடி போலப் பளபளக்கிறது. ஓலையை எடுத்ததும் கடைசலை நிறுத்தி அந்தப் பெண் என் கையில் கொடுத்தார். இளஞ்சூடாக இருந்தது.

அரக்கு என்பது ஒரு வகைப் பூச்சி மரக்கிளையில் சுரந்து வைப்பது. நாட்டில் பெரும்பகுதி ஜார்க்கண்ட் காடுகளிலிருந்து வருகிறது. அதில் மஞ்சள், அவுரி போன்ற தாவரச் சாயம் சேர்த்தால் குழந்தை வாயில் வைத்துச் சப்பினாலும் பயமில்லை. 2007இல் சீனத்தில் செய்த பொம்மைகளின் சாயத்தில் ஈயம் இருந்ததென்று அமெரிக்காவில் லட்சக்கணக்கில் திரும்பப் பெற்றது நினைவிருக்கலாம். ஆனால் சென்னபட்டணம் என்று சொல்லி விற்பதெல்லாம் அரக்கு வேலை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். அரக்கு சுழலும் மரத்தில்தான் ஏறும். ஆகையால் உருண்டை வடிவங்களில் வளையம் வளையமாக வரும் நிறம் அரக்கு. தட்டைப் பலகையிலும் மூலை முடுக்கிலும் நிறம் இருந்தால் அது டப்பா பெயின்ட். வாங்கும்போது பார்த்து வாங்குங்கள். வாங்கிய பிறகு வெயிலில் போடாதீர்கள், தண்ணீரில் ஊறவைத்துக் கழுவாதீர்கள். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

கொலுவுக்கு மரப்பாச்சி தேடுகிறவர்களும் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். பழைய மரப்பாச்சிகளில் பல, செம்மரம். இன்று செம்மரம் வெட்டவும் விற்கவும் கடும் கட்டுப்பாடு இருக்கிறது. 1995 முதல் பன்னாட்டு வணிகத்துக்கும் கட்டுப்பாடு வந்துவிட்டது. இப்போது கடையில் சிவப்பாக நிற்பதில் பல, வேறு மரத்தில் சாயம் ஏற்றியவை. அதில் தவறில்லை, பொம்மைதானே. ஆனால் பாட்டி செய்தாரே என்று அதைக் கல்லில் உரைத்துக் குழந்தைக்குப் பூசிவிடாதீர்கள்.

பட்டறையிலிருந்து கடைக்குத் திரும்பினோம். நண்பர் தம் பேரனுக்கு ஒரு கிலுகிலுப்பை எடுத்தார். விலை நூற்றெண்பது ரூபாய். "நூறுக்குக் கொடுப்பா" என்றார். கடைக்காரர் தலையாட்டினார். நூற்றிருபது, நூற்றைம்பது என்று போய், கடைசியில் நூற்றைம்பதில் முடிந்தது. நண்பருக்கு ஒரே திருப்தி. மேற்கொண்டு மத்தூர் போய் ஆளுக்கு இரண்டு மத்தூர் வடையும் காபியும் சாப்பிட்டோம். பில் கிலுகிலுப்பை விலையைத் தாண்டியது. அங்கே யாரும் பேரம் பேசவில்லை. நானும் கடையில் வாய் திறக்காமல் நின்றவன்தான். நண்பரை மட்டும் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்த முப்பது ரூபாய் யாரிடமிருந்து வந்தது? கடைக்காரரிடமிருந்து அல்ல. அவர் அடுத்த முறை பட்டறைக்குக் கொடுக்கும் கூலியில் பிடிப்பார். பட்டறையில் மரத்தைக் குறைக்க முடியாது, அரக்கைக் குறைக்க முடியாது. குறைக்க முடிந்தது உளி பிடித்த கையின் கூலி ஒன்றுதான்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. சென்னபட்டணப் பொம்மைக்கு 2005-06லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. தஞ்சாவூர் வீணைக்கு 2013இல், பெரம்பலூர்ப் பக்கத்து அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இல், நரசிங்கப்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022இல் என்று வரிசையாக வந்தது. 2020இல் இறக்குமதிப் பொம்மைக்குச் சுங்கவரியை 20லிருந்து 60 சதவீதமாக்கினார்கள். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்குத் தரமுத்திரை கட்டாயம் என்று வந்தபோது, பதிவு செய்த கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் விலக்குக் கொடுத்தார்கள். எல்லாம் நல்ல காரியம். ஆனால் குறியீடு வந்துவிட்டதால் நாளைக்குப் பட்டறையில் உளி பிடிக்க ஆள் வந்துவிடுமா? பட்டறைப் பெரியவரிடம் இதைத்தான் கேட்டேன். அவருக்கு இரண்டு பையன்கள். ஒருவன் பெங்களூரில் கார் ஓட்டுகிறான், ஒருவன் மொபைல் கடையில் இருக்கிறான். "நான் கூப்பிடவும் இல்லை, அவர்கள் வரவும் இல்லை" என்றார்.

அந்தப் பதிலைக் கேட்டதும் எனக்கு வேறு பேச்சு எழவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா கடைசல் வேலைக்காரர். சொந்த ஊர் அம்பாசமுத்திரம். மரச்சொப்புக்குப் பேர்போன ஊர். மஞ்சக்கடம்புக் கட்டையில், ஒருவர் கயிறு இழுக்க ஒருவர் உளி பிடிக்க, இம்மி இம்மியாக இட்லிக் கொப்பரையும் திருகையும் அம்மியும் குடமும் கடைந்தவர். அதில் வயிறு நிறையவில்லை. 1959இல் பெங்களூருக்கு ரயிலேறினார். அப்போது இங்கே பெரிய தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். இரும்பு வார்ப்பதற்கு முன்னால் அதே உருவத்தை மரத்தில் செய்து மணலில் பதிக்க வேண்டும். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும். அந்தச் சுருக்கத்துக்கு இடம் விட்டு மர உருவைச் சற்றே பெரிதாகச் செய்ய வேண்டும். அதற்குக் கைதேர்ந்த மரவேலைக்காரர்கள் தேவைப்பட்டார்கள். சொப்பு கடைந்த கை பாட்டர்ன் ஷாப்பில் இயந்திர உறுப்புக்கு அச்சு செய்தது. இந்த நகரத்துக்கு வந்த தமிழர்களில் இப்படி மரத்தை நம்பி வந்தவர்களும் உண்டு என்பதை நம் பிள்ளைகள் அறியமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா வீட்டு வாசலில் உட்கார்ந்து தெருப்பிள்ளைகளுக்குப் பம்பரம் செய்து கொடுப்பார். ஒரு நாள் நான் அவருடைய உளியை எடுத்தேன். பத்து வயது. "ஏலே, தொடாத! போய் புஸ்தகத்த எடு" என்று பிடுங்கிக்கொண்டார். அதன் பிறகு நான் தொடவில்லை. படித்தேன், பாங்கில் சேர்ந்தேன், அதிகாரியாக ஓய்வு பெற்றேன். அப்பாவின் உளிகள் இன்னும் ஒரு சாக்குப் பையில் எங்கள் பரணில் இருக்கின்றன. எடுத்துப் பிடிக்கக்கூட எனக்குத் தெரியாது.

அப்படியிருக்க, அந்தப் பெரியவரைப் பார்த்து, "உங்கள் பையன்களை இந்தக் கலையில் விட்டிருக்க வேண்டாமா?" என்று கேட்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது? நான் பாங்க் மேஜையில் உட்காரலாம், என் மகன் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரலாம். பாரம்பரியத்தைக் காப்பாற்ற மட்டும் இன்னொருவர் பிள்ளை மரத்தூளில் உட்கார வேண்டுமா?

நம் தமிழர்கள் இந்தக் கேள்வியை நன்கு அறிந்தவர்கள். 1953இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி அரசு, தொடக்கப்பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தபோது, குலக்கல்வி என்று நாடே கொதித்தது. மறு வருடம் காமராஜர் முதல்வரானதும் திட்டம் போயிற்று. 2023 செப்டம்பரில் மத்திய அரசு, தச்சர், பொம்மை செய்வோர் உள்ளிட்ட 18 தொழில்களுக்கு விஸ்வகர்மா திட்டம் கொண்டுவந்தது. கருவி வாங்கப் 15,000 ரூபாய், குறைந்த வட்டிக் கடன் என்று உதவிகள் இருக்கின்றன. இதிலும் குலத்தொழில் வாடை வீசுகிறது என்று தமிழக அரசு ஏற்கவில்லை. 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று தனியாக ஒரு கைவினைத் திட்டம் போட்டது. இதில் எந்தக் கட்சி சரி என்பது இங்கே பேச்சல்ல. அந்தப் பயம் நியாயமான பயம் என்பதை என் அப்பா பிடுங்கிய உளி எனக்குச் சொல்கிறது.

ஆனால் பட்டறையில் இன்னொரு கடைசலில் இருந்த அந்தப் பெண்ணை மறந்துவிடக் கூடாது. அவருடைய அப்பாவும் தாத்தாவும் விவசாயக் கூலிகள். கல்யாணத்துக்குப் பிறகு பயிற்சிக்குப் போய்க் கற்றுக்கொண்டாராம். சென்னபட்டணத்தில் இப்படி வந்த பெண்கள் பலர் இருக்கிறார்கள். பாவாஸ் மியான் வழி வந்த முஸ்லிம்களும் இந்துக்களும் ஒரே சந்தில் கடைகிறார்கள். தொழில் ரத்தத்தில் வருவதில்லை, பயிற்சியில் வருகிறது. கூலி கட்டுபடியானால் கற்றுக்கொள்ள ஆள் வருகிறது. குலத்தொழிலைக் காப்பது வேறு, தொழிலைக் காப்பது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒரு கூட்டம் பழம்பெருமை பேசுகிறது, ஒரு கூட்டம் போகட்டும் விடு என்கிறது.

அந்தப் பெண்ணிடம், "உங்கள் மகளுக்குக் கற்றுக்கொடுப்பீர்களா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "வருடம் பூராவும் வேலை இருந்தால் யோசிப்பேன்" என்றார். தசரா, கிறிஸ்துமஸ் சமயத்தில் இரவும் பகலும் வேலை இருக்குமாம். மற்ற மாதங்களில் பட்டறையே பாதி நாள் மூடிக் கிடக்குமாம். வாங்கிப் போகிறவர்களும் விற்ற பிறகுதான் பணம் தருகிறார்களாம். அவருக்குப் பொன்னாடையும் வேண்டாம், பாராட்டுரையும் வேண்டாம். முன்கூட்டியே ஒரு கேட்பும் கொஞ்சம் முன்பணமும் இருந்தால் மரத்தை வாங்கிக் காயப்போட்டுவிடலாம் என்றார்.

இந்த இடத்தில்தான் நம் சங்கத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு வருடமும் கொலுப்போட்டி நடத்துகிறோம். ஆண்டு விழாவில் குழந்தைகளுக்குப் பரிசு கொடுக்கிறோம். சென்ற ஆண்டு என்ன கொடுத்தோம் என்று நினைவிருக்கிறதா? பிளாஸ்டிக் டிபன் பாக்ஸும், பொன்முலாம் பூசிய கோப்பையும். கோப்பை பிளாஸ்டிக் என்பது என் பேரன் அதைக் கீழே போட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. வெற்றிலை பாக்கோடு வந்தவர்களுக்குக் கொடுத்த குங்குமச் சிமிழும் பிளாஸ்டிக். குங்குமச் சிமிழ், கடைசல்காரர் அரை நாளில் ஒரு கூடை கடைந்து தரக்கூடிய சாமான்! இதையெல்லாம் மரத்தில் வாங்க நம்மால் ஆகாதா? விலை கொஞ்சம் கூடும். கோப்பைகளின் எண்ணிக்கையைக் குறைத்தால் சரியாகிவிடும். எல்லாருக்கும் ஒரு கோப்பை என்கிற வழக்கமே எனக்குப் பிடிக்கவில்லை, அது வேறு விஷயம்.

விலையைப் பற்றி ஒரு நிபந்தனை. சங்கம் மொத்தமாக வாங்குகிறது என்று சொல்லித் தள்ளுபடி கேட்கக் கூடாது. செயற்குழுவில் இதைச் சொன்னபோது பொருளாளர் முகம் சுளித்தார். அவர் கவலை அவருக்கு. ஆனால் குறைத்துத்தான் வாங்குவோம் என்றால் கைவினை பற்றிய சொற்பொழிவை இந்த ஆண்டு நிகழ்ச்சி நிரலிலிருந்து எடுத்துவிடுவது நாணயம்.

இன்னும் ஒன்று, வீட்டில் செய்ய வேண்டியது. அதற்குப் பணமே வேண்டாம். கொலுவில் கீழ்ப்படி ஒன்றைக் குழந்தைகளுக்கு விட்டுவிடுங்கள். சொப்பும் மரப்பாச்சியும் அங்கே இருக்கட்டும். எடுக்கட்டும், உருட்டட்டும், கையை ஒடிக்கட்டும். பாட்டி காலத்து ஜோடியைக் கொடுக்க மனம் வராதுதான், எனக்குப் புரிகிறது. புதிதாக ஒன்று வாங்கிக் கொடுங்கள். பெரிய பிள்ளைகளாக இருந்தால் ஒரு சனிக்கிழமை பழைய சாலை வழியாகச் சென்னபட்டணத்துக்குக் கூட்டிப் போங்கள். விரைவுச் சாலையிலிருந்து எங்கே இறங்க வேண்டும் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அரக்கு ஏறும் நேரத்தில் அவர்கள் கையில் இருக்கும் போனை மறப்பதை நீங்களே பார்க்கலாம்.

நான் பரணிலிருந்து சாக்குப் பையை இறக்கிவிட்டேன். ஏழு உளிகள். இரண்டில் துரு ஏறிப் பிடி கழன்றிருக்கிறது. அடுத்த முறை போகும்போது அந்தப் பெண்ணிடம் காட்டலாம் என்றிருக்கிறேன். அவருக்குப் பயன்பட்டால் அவரே வைத்துக்கொள்ளட்டும்.

மரம் காய்வதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். புரட்டாசியில் நவராத்திரி. ஆகவே ஆனி மாதத்துக்குள் பட்டறைக்குச் சொல்லியாக வேண்டும். சொப்புச் செட்டு, குங்குமச் சிமிழ், கிலுகிலுப்பை ஆகியவற்றில் எது எத்தனை வேண்டும் என்று உறுப்பினர்கள் சங்க அலுவலகத்தில் பெயரோடு எழுதிவைத்தால், முன்பணத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்து வருகிறேன்.